சீறும் எஞ்சின், நகராத வண்டி

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் இருக்கிறது சமயநல்லூர். அங்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மோட்டார் சைக்கிள் உல்லாசத்துக்கு வைத்திருக்கும் வண்டியன்று. பால் கேனும் பூ மூட்டையும் காய்கறிக் கூடையும் அதில்தான் போகின்றன. வண்டி நின்றால் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு நாள் மேடு ஏறும்போது 'உர்'ரென்று சீறுகிறது. ஆனால் வேகம் கூடவில்லை. "எஞ்சின் போய்விட்டது, பிரித்துத்தான் பார்க்க வேண்டும்" என்கிறார் ஒருவர். எஞ்சினைப் பிரித்தால் ஆயிரக்கணக்கில் செலவாகும். ஒரு நட்டைத் திருகினாலே தீர்ந்துவிடும் கோளாறாகவும் அது இருக்கலாம். எது உண்மை என்று கண்டறிய, நீங்கள் வகுப்பில் படிக்கும் உராய்வும் ஹூக் விதியும் போதும்.

கிளட்ச் என்ன செய்கிறது?

மிதிவண்டியை நின்ற நிலையிலிருந்து மிதித்துக் கிளப்பலாம். பெட்ரோல் எஞ்சினால் அது முடியாது. நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். சுற்றும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் மெல்ல மெல்ல இணைக்க இடையில் ஒரு கருவி தேவை. அதுவே கிளட்ச்.

கிளட்சைத் திறந்து பார்த்தால் வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு ஒன்று, வெறும் எஃகுத் தட்டு ஒன்று என மாறி மாறி அடுக்கியிருப்பார்கள். முதல் வகைத் தட்டுகள் எஞ்சினோடு சுற்றுபவை. இரண்டாம் வகை கியர்ப்பெட்டியோடு சுற்றுபவை. இவற்றைச் சுருள்வில்கள் ஒன்றாக அழுத்திப் பிடித்திருக்கின்றன. கைப்பிடியை இழுத்தால் அந்த அழுத்தம் விலகும். தட்டுகள் தனித்தனியே சுழலும். விட்டால் மீண்டும் பிடித்துக்கொள்ளும்.

ஏன் இத்தனை தட்டுகள்? உராய்வு விசை உராய்வுக் கெழுவையும் அழுத்தும் விசையையும் பொறுத்தது. அதே அழுத்தும் விசை அடுக்கிலுள்ள ஒவ்வொரு பரப்பிலும் செயற்படுகிறது. எனவே பரப்புகள் எட்டு என்றால் பிடிப்பும் எட்டு மடங்கு.

ஒரு கணக்கு

கணக்குக்காகச் சில எளிய எண்களை எடுத்துக்கொள்வோம். நான்கு சுருள்வில்கள், ஒவ்வொன்றும் 8 மில்லிமீட்டர் அமுங்கி 200 நியூட்டன் தருகிறது. மொத்தம் 800 நியூட்டன். எண்ணெயில் நனைந்த தட்டுகளின் உராய்வுக் கெழு 0.1. தட்டின் சராசரி ஆரம் 0.05 மீட்டர். உராய்வுத் தட்டுகள் நான்கு, பரப்புகள் எட்டு.

கிளட்ச் தாங்கும் திருப்புவிசை = 0.1 × 800 × 0.05 × 8 = 32 நியூட்டன்-மீட்டர்.

எஞ்சின் 8 நியூட்டன்-மீட்டர் தருகிறது. முதல் பற்சக்கர இணை அதை மூன்று மடங்காக்கிக் கிளட்சுக்கு அனுப்புகிறது என்போம். கிளட்ச் தாங்கவேண்டியது 24. கையிருப்பு 8.

இப்போது ஒவ்வொரு தட்டும் 0.3 மில்லிமீட்டர் தேய்கிறது. நான்கும் சேர்ந்தால் 1.2 மில்லிமீட்டர். அடுக்கு அந்த அளவுக்கு மெலிவதால் சுருள்வில் அந்த அளவுக்கு நீள்கிறது. ஹூக் விதிப்படி ஒரு மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வீதம் 30 நியூட்டன் குறைகிறது. ஒவ்வொரு வில்லும் தருவது 170 நியூட்டன். கிளட்ச் தாங்குவது 27.2. இன்னும் வழுக்கவில்லை!

ஆனால் பல ஆண்டு உழைத்த வில்லும் தளர்ந்து, அதன் இயல்பான நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் குறைந்துவிட்டால் மேலும் 25 நியூட்டன் போகும். மிஞ்சுவது 145, கிளட்ச் தாங்குவது 23.2. தேவையோ 24. கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிட்டது. தட்டை மாற்றும்போது வில்லையும் மாற்றுங்கள் என்று நல்ல மெக்கானிக் சொல்வது வீண் செலவுக்காக அல்ல என்பது இதனால் விளங்கும்.

வழுக்கும்போது ஆற்றல் எங்கே போகிறது? கிளட்சின் இரு பகுதிகளுக்கும் இடையே நிமிடத்துக்கு 200 சுற்று வேறுபாடு இருந்தால், அது விநாடிக்கு ஏறத்தாழ 21 ரேடியன். 23.2 × 21 என்பது ஏறக்குறைய 490 வாட். அவ்வளவும் வெப்பமாகித் தட்டுகளைச் சுடுகிறது. கருகல் நாற்றம் வருவதும், எஃகுத் தட்டு நீலம் பாரித்து நெளிவதும் இதனால்தான்.

நோய் நாடுதல்

காசில்லாத சோதனையிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் கைப்பிடி. அதன் நுனியில் பெரும்பாலான வண்டிகளுக்கு 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை வெற்றசைவு இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். அசைவே இல்லையென்றால், நீங்கள் கைவைக்காமலே கம்பி கிளட்சைப் பாதி இழுத்துப் பிடித்திருக்கிறது என்று பொருள். நட்டைத் திருகிச் சரி செய்தால் போதும். அசைவு மிகுந்தாலோ தட்டுகள் முழுதும் விலகா. கியர் விழாமல் முரண்டும்.

இரண்டாவது, எண்ணெய். பழைய புல்லட்டில் கிளட்ச் இருக்கும் அறைக்கு எண்ணெய் தனி. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் எண்ணெயிலேயே கிளட்சும் நனைகிறது. கார்களுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கிறார்கள். உராய்வுக் கெழு 0.07 ஆகக் குறைந்தால் நம் புதுக் கிளட்சே 22.4 தான் தாங்கும்! எனவே டப்பாவில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஓட்டிப் பார்த்தல். இதை உரிமம் பெற்ற பெரியவர்தான் செய்ய வேண்டும். ஆளில்லாத நேரான சாலையில், மேல் கியரில் மிதமான வேகத்தில் செல்லும்போது ஆக்சிலேட்டரை முறுக்க வேண்டும். எஞ்சின் ஓசை மட்டும் தாவி, வேகம் பின்தங்கினால் குற்றவாளி கிளட்ச். எஞ்சின் சுற்றே உயராமல் திணறினால் மட்டுமே எஞ்சின் பக்கம் திரும்ப வேண்டும்.

புகையும் ஒரு சாட்சி. நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. முறுக்கும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையங்களின் மேலும், காலையில் கிளப்பியவுடன் மட்டும் வந்தால் வால்வு சீல்களின் மேலும் ஐயம் விழும். கரும்புகை பெட்ரோல் மிகுதியைக் காட்டும். குளிர்ந்த காலையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்ணிறம் வெறும் நீராவி.

கிக்கரை மெல்ல அழுத்தினால் எதிர்ப்பே இல்லையா? எஞ்சின் ஆறிய பின், சாவியை அணைத்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு சிறு கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டுப் பிளக்கை மாட்டி மறுபடி அழுத்துங்கள். எதிர்ப்புத் திரும்பினால், எண்ணெய் வளையத்தின் இடுக்கை அடைத்திருக்கிறது. தேய்ந்தது வளையம் அல்லது சிலிண்டர். திரும்பாவிட்டால் வால்வில் கசிவு இருக்கலாம். ஓர் எச்சரிக்கை: 1956 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட்டில் கிக்கரின் விசை கிளட்ச் தட்டுகள் வழியாகவே எஞ்சினுக்குச் செல்கிறது. அங்கே கிளட்ச் வழுக்கினாலும் கிக்கர் தளர்ந்து இறங்கி, எஞ்சின் கெட்டதுபோல் ஏமாற்றும். ஆகவே எப்போதும் கிளட்சை முதலில் சோதியுங்கள்.

தட்டு மாற்றவேண்டி வந்தால், பழகிய கையோடு சேர்ந்து செய்யுங்கள். வில்களின் போல்ட்டுகளை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். புதுத் தட்டுகளை மாட்டும்முன் எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். எஃகுத் தட்டைக் கண்ணாடிமேல் வைத்து நெளிவு பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள்

ஒரே அளவில் ஐந்து காகிதப் பட்டைகளை வெட்டுங்கள். மூன்றின் இடமுனையை மேசையில் ஒட்டுங்கள். அவற்றின் இடையே மற்ற இரண்டையும் வலப்புறமிருந்து செருகி, மேலே கனமான அகராதி ஒன்றை வையுங்கள். வலப்புறப் பட்டைகளைச் சுருள்வில் தராசால் இழுத்து விசையைக் குறியுங்கள். பிறகு ஒரு வலப்பட்டையை எடுத்துவிட்டு மீண்டும் இழுங்கள். விசை ஏறத்தாழப் பாதியாகும்.

இனி ஒரு கேள்வி: நம் கணக்கில், தேய்ந்த தட்டுகளை அப்படியே விட்டுப் புதிய வில்களை மட்டும் போட்டால் கிளட்ச் வழுக்குமா? அது எத்தனை நாள் தாங்கும் என்பதையும் சிந்தித்துப் பாருங்கள்.