மாத்திரை

தமிழில் மாத்திரை என்னும் சொல்லுக்கு அளவு என்பது பொருள். குற்றெழுத்துக்கு ஒரு மாத்திரை, நெட்டெழுத்துக்கு இரண்டு மாத்திரை என இலக்கணம் ஒலியை அளந்து காட்டுகிறது. நோய் தீர்க்கும் மருந்துக்கும் அப்பெயரே வழங்கி வருதல் சிந்தித்தற்கு உரியது. அளவோடு அமைந்தால்தான் மருந்து மருந்தாகும். நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை ஆராய்ந்தே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் கூறும் நெறியாகும்.

மாத்திரையின் அளவு மருந்தாலையிலேயே வரையறுக்கப்பட்டுவிடுகிறது. ஆனால், சிறு குழந்தைகளால் மாத்திரையை விழுங்க இயலாது. ஆதலின் அவர்களுக்குச் சிரப்பாகவும் சொட்டு மருந்தாகவும் கொடுக்கின்றனர். புட்டியிலுள்ள மருந்தை அளக்கும் பொறுப்பு வீட்டிலுள்ளோரைச் சார்கிறது. குழந்தையின் உடல் சிறியது. ஆகவே, மருத்துவர் அதன் எடையைக் கணக்கிட்டு மருந்தின் அளவை வரையறுக்கின்றார். பெரியவர் தாங்கிக்கொள்ளும் சிறு பிழையையும் குழந்தையின் உடல் தாங்காது போகலாம்.

அளவுப் பிழைக்கு முதற் காரணம் அடுக்களைக் கரண்டியாகும். மருத்துவர் 'ஒரு தேக்கரண்டி' என்று சொன்னால் அவர் கருதுவது 5 மில்லிலிட்டர். வீட்டுக் கரண்டிகளோ அக்கணக்கை நோக்கிச் செய்யப்பட்டவை அல்ல. கிரேக்க நாட்டில் வீடுகளிலிருந்து 71 தேக்கரண்டிகளைத் திரட்டி அளந்த ஆராய்ச்சியொன்று 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவற்றுள் மிகச் சிறியது 2.5 மில்லிலிட்டரும், மிகப் பெரியது 7.3 மில்லிலிட்டரும் கொண்டன. ஒரு வீட்டில் பாதி மருந்து பெறும் குழந்தை, மற்றொரு வீட்டில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பெறும். குறைந்தால் நோய் தணியாது. மிகுந்தால் வேறு துன்பம் விளையும். இக்குறையை உணர்ந்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம், கரண்டிக் கணக்கை விடுத்து மில்லிலிட்டர் கணக்கையே ஆள வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது.

இரண்டாவது காரணம் மருந்தின் செறிவை நோக்காமை. மில்லிகிராம் என்பது மருந்தின் எடை. மில்லிலிட்டர் என்பது அம்மருந்து கலந்துள்ள நீர்மத்தின் பருமன். இவ்விரண்டும் வேறு வேறானவை. காய்ச்சலுக்குரிய பாராசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் அடங்கிய சிரப் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் அடங்கியிருப்பதுண்டு. மருத்துவர் 120 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னால், அச்சிரப்பில் 5 மில்லிலிட்டரும், சொட்டு மருந்தில் 1.2 மில்லிலிட்டரும் எடுத்தல் வேண்டும். பெயர் ஒன்றே என்று எண்ணிச் சொட்டு மருந்திலும் 5 மில்லிலிட்டர் கொடுத்தால், 500 மில்லிகிராம் குழந்தையின் உடலிற் சேரும். இது நான்கு மடங்குக்கும் மேலாகும். மிகுதியான பாராசிட்டமால் கல்லீரலைக் கெடுக்கும். அதன் தீங்கு முதல் நாளில் வெளியே தெரியாமலும் இருக்கலாம். ஆதலின் அளவு மிகுந்துவிட்டதென்று அறிந்தவுடன், குழந்தை நலமாகத் தோன்றினும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும்.

மூன்றாவது காரணம் அளவு கருவியைச் சரிவர ஆளாமை. அமெரிக்காவில் 2110 பெற்றோரைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2016-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. பலமுறை மருந்தை அளந்து காட்டிய அவர்களுள் நூற்றுக்கு 84 பேர் ஒரு முறையேனும் பிழை செய்தனர். ஏறத்தாழ ஐவருள் ஒருவர், ஒரு முறையேனும் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டனர். சிறு குவளையால் அளந்தபோது பிழைகள் மிகுந்தன. ஊசியில்லாச் சிரிஞ்சால் அளந்தபோது குறைந்தன. அகன்ற குவளையில் நீர்மட்டம் சிறிது உயர்ந்தாலும் மருந்து பெரிதும் கூடிவிடும். ஒடுங்கிய குழாயில் ஒவ்வொரு கோடும் தெளிவாகத் தோன்றும்.

எனவே, மருந்து கொடுப்போர் முதலில் புட்டியின் மீதுள்ள பெயர், செறிவு, காலாவதி நாள் ஆகியவற்றைப் படித்தல் வேண்டும். குலுக்கிக் கொடுக்க வேண்டிய மருந்தை நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லையேல் மருந்து அடியில் தங்கி, முதல் நாள் கொடுப்பது மெலிந்தும் கடைசி நாள் கொடுப்பது செறிந்தும் போகும். குவளையைச் சமதளத்தில் வைத்து, கண்ணை அக்கோட்டின் மட்டத்திற்குத் தாழ்த்திப் பார்த்தல் வேண்டும். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் அளவு சாடியைப் பார்க்கும் முறையும் இதுவே. புள்ளியையும் கூர்ந்து நோக்க வேண்டும், 0.5 என்பதை 5 என்று படித்தால் அளவு பத்து மடங்காகிவிடும். கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்து வைத்தால், தாய் கொடுத்ததை அறியாது பாட்டியும் கொடுக்கும் தவறு நேராது.

இவற்றிற்குப் பெரும்படிப்பு வேண்டுவதில்லை. எழுத்தைப் படிக்கவும் கோட்டை எண்ணவும் கற்ற மாணவர், வீட்டில் மருந்துப் புட்டி திறக்கப்படும்போது பெரியோர்க்குத் துணையாக அருகில் நிற்கலாம். பேசவும் அறியாத குழந்தை, தனக்குக் கொடுத்தது குறைந்ததா மிகுந்ததா என்று சொல்ல இயலாது. அதற்காகப் பார்த்துச் சொல்லக் கூடியவர்கள் அளப்போரும், அருகில் நிற்போருமே ஆவர்.