கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சட்டை

மதுரை விளாச்சேரியில் கொலு பொம்மை செய்பவர்களே கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிறார்கள். மண் பொம்மைக்கு வர்ணமே உடை. துணிப் பொம்மைக்கு நாமதான் தைக்கணும்.

கடையில் வாங்கித் தர அம்மாவால் முடியாது. ஆனால் தி.நகர் தையல் கடை வேலை முடிந்து வரும்போது வெட்டுத்துணி கொண்டுவருவார். சாட்டின் வேண்டாம், நூல் பிரியும். மெல்லிய சிவப்புப் பருத்தித் துணியை உள்பக்கம் வெளியே தெரிய மடித்து, மடிப்பு தோளில் வர, உடம்பும் கையும் ஒரே துண்டாக வெட்டுங்கள். 10 செ.மீ. பொம்மைக்குக் கை தனியா தைத்தால் ஊசியே திரும்பாது! கழுத்து வெட்டி, முன்பக்கம் நடுவில் திறந்து விடுங்கள். ஓரத்தில் அரை செ.மீ. விட்டு, கையின் அடியிலிருந்து இடுப்புவரை தையுங்கள். அக்குளில் தையலைத் தொடாமல் சின்ன வெட்டு கொடுத்துத் திருப்புங்கள், இல்லேன்னா சுருங்கும். தாடிக்குப் பஞ்சு.

தங்கச்சி தாத்தாவுக்குப் பாவாடையும் கேட்கிறாள். துணி மிச்சமிருக்கு.