இரண்டு இயங்குதளக் கணினிக்கு பேக்கப்: முழுமையான வழிகாட்டி

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. குருசுக்குப்பம் போன்ற கடலோரப் பகுதியில் தரைத்தளத்தில் கணினி வைத்திருப்பவர்கள் பேக்கப்பைத் தள்ளிப்போட முடியாது. விண்டோஸ், உபுண்டு இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். வாருங்கள், சேர்ந்தே செய்வோம்.

எதையெல்லாம் காக்க வேண்டும்?

விண்டோஸ் பகுதி, உபுண்டு பகுதி, கூடவே இஎஃப்ஐ என்ற சிறிய பார்ட்டிஷன். இரண்டு தளங்களையும் கிளப்பும் நிரல்கள் இந்த மூன்றாவதில்தான் இருக்கின்றன. சில நூறு எம்பிதான். ஆனால் அது கெட்டால் இரண்டுமே கிளம்பாது. ஆகவே கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் போதாது. முழு வட்டையும் அப்படியே ஒரே நகலாக, அதாவது இமேஜாக, எடுக்க வேண்டும்.

என்ன தேவை?

1 டிபி வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று, 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று. விலை அடிக்கடி மாறும். வாங்கும் முன் பார்த்துக்கொள்வோம். இமேஜ் எடுக்க உதவும் ரெஸ்க்யூசில்லா மென்பொருள் இலவசம்.

படி 1: விண்டோஸைத் தயார் செய்தல்

பவர் அமைப்பில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைப்போம். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். வட்டைப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைப்போம்.

படி 2: பென் டிரைவ்

ரெஸ்க்யூசில்லா ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் கருவி மூலம் பென் டிரைவில் ஏற்றுவோம். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியான டிரைவே நல்லது.

படி 3: இமேஜ் எடுத்தல்

கணினியை மறுபடி ஆன் செய்து, எஃப்12 (சில கணினிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப்) அழுத்திப் பென் டிரைவிலிருந்து கிளப்புவோம். 'பேக்கப்'பைத் தட்டி, கணினியின் வட்டைத் தேர்ந்து, எல்லா பார்ட்டிஷன்களையும் டிக் செய்து, சேமிக்கும் இடமாக வெளி டிஸ்க்கைக் காட்டுவோம். வட்டின் அளவைப் பொறுத்துச் சில மணி நேரம் ஆகலாம். மடிக்கணினி என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

படி 4: சரிபார்த்தல்

ரெஸ்க்யூசில்லாவின் முதல் திரையில் உள்ள 'வெரிஃபை'யைத் தட்டி, எடுத்த இமேஜ் பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்ப்போம். இந்தப் படியைத் தாண்டக்கூடாது.

படி 5: வாராந்திர நகல்

தினமும் மாறும் கோப்புகளுக்கு விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி', உபுண்டுவில் 'பேக்கப்ஸ்' போதும். உபுண்டுவில் பயன்படும் டைம்ஷிஃப்ட் என்ற கருவி இதற்குப் பதிலாகாது; அது கணினி அமைப்பைக் காப்பது. இயல்பாக அது நம் ஹோம் கோப்புகளைத் தொடாது.

எச்சரிக்கை

மீட்டெடுக்கும்போது, எந்த வட்டில் எழுதுகிறோமோ அதில் இருப்பது முழுவதும் அழியும். அந்த வட்டு பழையதற்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும்.

பிட்லாக்கர் பூட்டிய பகுதியை இமேஜ் எடுத்தால், காலி இடமும் சேர்ந்தே நகலாகும். அதற்கேற்ற பெரிய டிஸ்க் வாங்குவோம்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உபுண்டு மெனு காணாமல் போனால் பதற வேண்டாம். கோப்புகள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். முதலில் 'பூட் ரிப்பேர்' என்ற கருவியை முயல்வோம்.

பேக்கப் டிஸ்க்கைக் கணினி மேசையிலேயே வைத்தால் வெள்ளத்தில் இரண்டும் சேர்ந்தே போகும். புதுச்சேரியின் லாஸ்பேட்டை போன்ற மேட்டுப் பகுதியில் உறவினர் வீடு இருந்தால் இன்னொரு நகலை அங்கே வைப்போம்.

மாதம் ஒருமுறை இமேஜ், வாரம் ஒருமுறை கோப்புகள்: இன்றே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.