சட்டை போடுவதும் ஒரு பாடம்தான்

மாணவர்களே, உங்கள் வீட்டில் 2, 3 வயதில் தம்பியோ தங்கையோ உண்டா? காலை அவசரத்தில் சட்டையை மாட்டிவிடப் போனால், "நானே!" என்று உங்கள் கையைத் தட்டிவிடும் வயது அது. அந்தப் பிடிவாதத்தை அடக்கிவிடாதீர்கள். குழந்தையின் மூளை அப்போது பாடம் படிக்கிறது.

ஒரு டி-சட்டை அணிய என்னென்ன தேவை? முன்பக்கம் எது எனக் கண் அறிய வேண்டும். துணிக்குள் மறைந்த கை எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே உணர வேண்டும். தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்வேற்பிகள் இச்செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. கால்சட்டை என்றால் சமநிலையும் வேண்டும். இந்த அசைவுகளைச் சீராக்க உதவுவது சிறுமூளை.

கழற்றுவது எளிது, இழுத்தால் போதும். பொத்தான் போட இரு கை விரல்களும் வெவ்வேறு வேலை செய்ய வேண்டும். ஆகவே சுமார் 1 வயதில் காலுறையை இழுத்துக் கழற்றும் குழந்தை, 3 வயதளவில் தளர்வான கால்சட்டையைத் தானே அணியும். 4 வயதளவில் சில பொத்தான்களை அவிழ்க்கும். 5 வயதளவில் சிலவற்றைப் போடும். குழந்தைக்குக் குழந்தை இது சற்று மாறும்.

1907இல் ரோம் நகரில் தம் முதல் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் மரியா மாண்டிசோரி, இதற்கென்றே பயிற்சிச் சட்டங்களை உருவாக்கினார். மரச்சட்டத்தில் பொருத்திய துணியில் பொத்தான் அல்லது நாடா இருக்கும். ஒரு சட்டத்துக்கு ஒரு திறன் மட்டுமே. 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார்.

வீட்டில் நீங்களும் கற்றுக்கொடுக்கலாம். வழி இதுதான்: கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். கால்சட்டையை முழங்கால்வரை நீங்கள் ஏற்றிவிடுங்கள். இடுப்புவரை குழந்தை இழுக்கட்டும். அது பழகியபின், கணுக்காலிலிருந்து இழுக்க விடுங்கள். ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பது குழந்தைதான். அந்த வெற்றியே மறுபடி முயலத் தூண்டும்.

தீபாவளிக்குப் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ வாங்கும் ஜிப்பாவின் கழுத்துப் பொத்தான்கள் சிறியவை. பழகுவதற்கு அவை வேண்டாம். பெரிய பொத்தான், எலாஸ்டிக் இடுப்பு உள்ள உடைகளே ஏற்றவை. பள்ளிக்கு ஓடும் நேரத்தைவிட, இரவு உடை மாற்றும் நேரமே பயிற்சிக்கு நல்லது.

செய்து பாருங்கள்: இரு கைகளிலும் தடித்த காலுறை மாட்டிக்கொண்டு, பள்ளிச் சட்டையின் பொத்தான்களைப் போடுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது? வெறுங்கையால் போட்டு ஒப்பிடுங்கள். விரல்கள் தனித்தனியே அசையாவிட்டால் வேலை எவ்வளவு கடினம் என்பது புரியும். அடுத்த முறை தம்பி பொத்தானோடு போராடும்போது, உங்கள் கை உடனே குறுக்கே போகாது.