ட்ரனியனுக்கு ஆயில் போடு, மாப்பிள்ளை

கரந்தை, தஞ்சாவூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதிக்கொள்வது.

நீ ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கியிருக்கிறாய் என்று அக்கா சொன்னபோது சந்தோஷப்பட்டேன். முன் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, அகல டயர் போட்டு, வேறு காரின் ஸ்டீரிங் ரேக்கை மாட்டப்போவதாக நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டதும்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி மாமா" என்று வைத்துவிடுவாய்.

நீ பார்க்கிற ஹாட் ராட் வீடியோக்களில் வருவதெல்லாம் 1932 ஃபோர்டு மாதிரி வண்டிகள். அவற்றுக்கு முன்னால் குறுக்கே ஒரே இரும்பு ஆக்ஸில்தான். வளைத்துச் செய்த ஆக்ஸிலைப் போட்டால் வண்டி தாழும். சக்கரம் நிற்கிற சாய்வு மாறாது. உன் வண்டி அந்த ஜாதி இல்லை. ஒவ்வொரு பக்கமும் மேல் ஆர்ம், கீழ் ஆர்ம், இடையில் காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கை வெட்டினால் ஆர்ம்களின் வெளிமுனை தூக்கிக்கொள்ளும், கேம்பர் என்கிற அந்தச் சாய்வு கெடும், ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராடும் சாயும். கண்ட ரேக்கையும் மாட்டினால் அதன் நீளம் இந்த ஆர்ம்களோடு ஒத்துப்போகாது. சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் தானே திரும்பும். திருவையாறு ரோட்டில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலத்துக்கு மேல் பாலம் வருகிறதே, ஒவ்வொன்றிலும் ஸ்டீரிங் உன் கையோடு மல்லுக்கட்டும்.

சட்டமும் உன் பக்கம் இல்லை. தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவுக்கும் சேஸி, பாடி, இன்ஜின் எல்லாம் பழையபடி இருக்க வேண்டும். அந்தப் பதிவில் தினசரி ஓட்டவும் முடியாது. கும்பகோணத்துக்குக் கடைக்குப் போய்வர ஆசை இருந்தால் இருக்கிற ஆர்.சி.யையே புதுப்பித்துக்கொள்.

1961இல் மெட்ராஸில் தயாராக ஆரம்பித்த இந்த வண்டிக்கு அப்போதே ரேக் ஸ்டீரிங்தான். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அம்பாசடர்காரர் ரிவர்ஸ் போடுகிற கீழவாசல் சந்தில் இது ஒரே ஒடிப்பில் வெளியே வரும். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்னால் சாய்த்துவிட்டு, டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இதைவிட மெக்கானிக்குக்கு மரியாதை செய்த கார் நம் நாட்டில் ஓடியதாக எனக்குத் தோன்றவில்லை. இதைப் போய் மாற்றுவானேன்?

இப்போது முக்கியமான விஷயம். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் மேல்முனையில் பால் ஜாயிண்ட் இருக்கும். கீழ்முனையில் ட்ரனியன் என்கிற பித்தளைக் கட்டை. இரும்பின் அடிப்பகுதியில் மரை வெட்டி, ஒரு போல்ட்டை நட்டில் திருகுவது போல இந்தக் கட்டையில் திருகியிருப்பார்கள். நீ ஸ்டீரிங்கை ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் இல்லை. ஊரில் பாதிப் பேர் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னைத்தான் நீட்டுவார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. நாளானால் காய்ந்து வழியையும் அடைத்துவிடும். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வாய்க்கால் வழிந்து ரோட்டில் நிற்கிற தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். மரை துருப்பிடித்து, மரை தொடங்குகிற இடத்தில் இரும்பு ஒருநாள் ஒடியும். சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும்.

அதனால் இரண்டு பக்கமும் கழற்றிப் பார். மரையில் குழி விழுந்திருந்தால் எமரி தாளால் தேய்த்து ஏமாறாதே, மாற்று. இடது பக்கத்து மரை வேறு, வலது பக்கத்து மரை வேறு, கலந்துவிடாதே. ட்ரனியனை முட்டும்வரை திருகிவிட்டு, பின்னால் கொஞ்சம் திருப்பி விடு. முட்டிய நிலையிலேயே விட்டால் ஒடிக்கும்போது இறுகும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டீரிங்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே, மேல் சீலில் கசியும்வரை ஆயில் அடி. டாம்பரிலிருந்து ஸ்பிரிங்கைப் பிரிக்க வேண்டிவந்தால் கம்ப்ரஸர் வாங்கி வா. கம்பி கட்டி அமுக்குகிற வித்தை வேண்டாம்.

அலைன்மென்ட் கடைக்கு இப்போதே ஓடாதே. ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் பார்ப்பது காசுக்குக் கேடு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. பிரேக்கை ஒருவர் மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட்டோ ட்ரனியனோ. இடம் வலமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்டும் ரேக்கும் தெரிந்துவிடும். ரேக்கைப் பிடித்திருக்கிற ரப்பர் கட்டைகள் ஆயிலில் ஊறிக் கொழகொழத்திருந்தால் ரேக்கே நகரும். ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நின்று, வண்டியின் எடை இறங்கிய பிறகுதான் கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

அளவெடுக்க மில்லில் நெல் காயவைக்கிற சிமெண்ட் களம் போதும். தண்ணீர் வடிய லேசாக வாட்டம் விட்டிருப்பார்கள். கொத்தனாரின் டியூப் லெவலை வைத்துச் சமமான இடத்தைத் தேடிக்கொள். முதலில் ரேக்கை நடுவில் நிறுத்து. இரு டயரிலும் முன்பக்கம், அச்சின் உயரத்தில் சாக்பீஸ் குறி போட்டு இடைவெளியை அள. வண்டியை முன்னால் தள்ளி, அதே குறிகள் பின்னால் வந்ததும் மறுபடி அள. முன்னளவு பின்னளவைவிட அதிகமாகக் கூடாது. குறைந்தாலும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் குறையக் கூடாது. திருத்துவதை இரண்டு டை ராடிலும் சமமாகத் திருத்து. கேம்பரைத் திருத்தக் கீழ் ஆர்ம் சேஸியில் சேரும் இடத்தில் ஷிம் என்கிற தகடுகள் இருக்கின்றன. பழைய ஷிம்கள் எது எந்தப் பக்கம் என்று எழுதி வைத்துக்கொண்டு கழற்று.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் வண்டியைக் கொண்டு வா. கியர் ஆயில் என்னிடம் இருக்கிறது. சாக்பீஸும் டேப்பும் நீ எடுத்துக்கொள். களத்துக்கு மில்காரரிடம் சொல்லிவைக்கிறேன். அறுவடை ஆரம்பித்துவிட்டால் நமக்கு இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
உன் மாமா