கிரகண இரட்டைகளும் அண்டங்களின் தூரமும்

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், தேவிகுளம் முதலிய எல்லைப் பகுதிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஜனவரி மாத நடுவில் இரவு ஒன்பதரை மணி அளவில் வடக்கு நோக்கி நின்றால் அல்கோல் என்னும் நட்சத்திரத்தைக் காணலாம். தெற்கே திரும்பினால், அடிவானத்துக்குச் சுமார் பத்துப் பாகை உயரத்தில் பெரிய மகல்லன் மேகம் மங்கிய வெண்புகைபோலத் தோன்றும். மறையூர்ப் பள்ளத்தாக்கில் தென்மலைகள் மறைக்கக்கூடும். நிலவில்லாத இரவில் திறந்த மேட்டுக்குச் செல்லுதல் நன்று. அல்கோல் ஒரு முறையைக் கற்பிக்கிறது. அம்முறை வெற்றி கண்ட இடம் அம்மேகம்.

அல்கோலின் ஒளி 2 நாள் 20 மணி 49 நிமிஷத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, மீண்டும் வளர்கிறது. மாறாத ஒளியுடைய அண்டை நட்சத்திரம் ஒன்றோடு மணிக்கொரு முறை ஒப்பிட்டு வரும் மாணவன் இதை வெறுங்கண்ணாலேயே அறிவான். மங்கலான துணை நட்சத்திரமொன்று குறுக்கே சென்று கிரகணம் செய்வதே காரணம். ஒளிக் குறைவைக் கணக்கிட நாம் கையாளும் படியளவை 1856இல் வகுத்த போக்சன், 1861 முதல் சென்னை வானாராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்தார் என்பதை நம்மவர் பலர் அறியார். ஹைதராபாத்தை அடுத்த ஜாபால்–ரங்காபூரில் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தார் 1968இல் அமைத்த 48 அங்குலத் தொலைநோக்கியும் இத்தகைய இரட்டைகளை ஆராய்ந்தது.

இனி, தூரம் எவ்வாறு கிடைக்கிறது? வாளையாற்றுச் சாலையில் இருளில் எதிரே வரும் லாரியை நினைத்துக்கொள்க. இரு விளக்குகளுக்கும் இடையேயுள்ள அகலத்தை நாம் அறிவோம். அவ்வகலம் கண்ணுக்கு எவ்வளவு குறுகித் தோன்றுகிறதோ, அதைக்கொண்டு தொலைவை மதிப்பிடுகிறோம். நட்சத்திரத்தின் மெய்யான அகலத்தைக் கிரகணம் தருகிறது. நிறமாலைக் கோடுகள் இடம் பெயர்வதால் இரு நட்சத்திரங்களின் வேகமும் தெரியும். அவ்வேகத்தில் ஒன்று மற்றொன்றைக் கடக்க எத்தனை நேரமாயிற்றோ, அதிலிருந்து அவற்றின் விட்டம் கிலோமீட்டரில் கிடைக்கிறது. தோற்ற அகலம் மட்டும் எந்தத் தொலைநோக்கியிலும் நேரே தெரியாத அளவு நுண்ணியது. ஆயினும், நட்சத்திரத்தின் நிறத்தை அறிந்தால் அதன் மேற்பரப்பின் பிரகாசம் தெரியும். நம்மை வந்தடையும் ஒளியோடு அதை ஒப்பிட்டால் தோற்ற அகலமும் கணக்கில் வந்துவிடும். மெய்யகலத்தைத் தோற்ற அகலத்தால் வகுப்பதே மிச்சம்.

இதில் இத்தனை சிரத்தை ஏன் என்று கேட்கலாம். அண்டங்களின் தூரத்தை அளக்கும் ஏணியில் மகல்லன் மேகம் கீழ்ப்படி. அங்கே நேரும் பிழை மேற்படி ஒவ்வொன்றிலும் ஏறும். செபீட் வகை நட்சத்திரங்களில் இரண்டு இனங்கள் உண்டு என்பதை வால்டர் பாடே 1952இல் ரோம் மாநாட்டில் அறிவித்தபோது, அண்டங்களின் தூரங்கள் ஒரே நாளில் ஏறத்தாழ இரு மடங்காயின! பிரபஞ்சத்தின் வயதும் அவற்றோடு ஏறிற்று.

2013இல் பியெத்ஷின்ஸ்கி குழுவினர், சிலி நாட்டுத் தொலைநோக்கிகளைக் கொண்டு, அம்மேகத்திலுள்ள எட்டு இரட்டைகளை அளந்தனர். அவை குளிர்ந்த சிவப்புப் பூத நட்சத்திரங்கள். மேற்பரப்பின் பிரகாசத்தை நிறத்தைக்கொண்டு திட்டமாகச் சொல்லத்தக்கவை. 2019இல் இருபது இரட்டைகளைக்கொண்டு கண்ட தூரம் சுமார் 1,62,000 ஒளியாண்டு. பிழை நூற்றில் ஒன்றே.

ஆண்ட்ரோமீடா அண்டத்தில் இவ்வளவு துல்லியம் இன்னும் எளிதன்று. அங்கே 2005இல் அளக்கப்பட்ட இரட்டை, வெப்பம் மிகுந்த நீல நட்சத்திரங்களாலானது. அத்தகையவற்றின் வெப்பநிலையைக் கணிப்பது கடினம். கிடைத்த தூரம் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு. அதிலுள்ள ஐயப்பாடு மட்டுமே 1,40,000 ஒளியாண்டு, அதாவது மகல்லன் மேகத்தின் முழுத் தூரத்தில் பெரும்பகுதி.