மூளைப் புற்றுநோயும் இலக்கு நோக்கிய மருந்துகளும்

(மேலதிக வாசிப்பு: கலப்பிரிவு, குருதிச் சுற்றோட்டம், நரம்புத்தொகுதி ஆகிய அலகுகளுடன் தொடர்புடையது)

மாணவர்களே, இழையுருப்பிரிவின் முக்கியத்துவங்களாக வளர்ச்சி, காயம் ஆறுதல், இறந்த கலங்கள் பிரதியீடு செய்யப்படல் என்பவற்றைக் கற்றுள்ளீர்கள். இப்பிரிவு கட்டுப்பாட்டை இழந்து நடைபெறும்போது கட்டி தோன்றுகின்றது. கட்டியின் கலங்கள் அயலிலுள்ள இழையங்களுள் ஊடுருவுமாயின் அது புற்றுநோய் எனப்படும். கலத்தின் டீ.என்.ஏ. இல் ஏற்படும் விகாரங்களே இதற்கு அடிப்படைக் காரணமாகும். நோயாளியுடன் பழகுவதால் இது மற்றவருக்குத் தொற்றுவதில்லை.

மூளையில் நரம்புக்கலங்கள் மாத்திரமே உள்ளன என்று சிலர் விடை எழுதுவதுண்டு. அது பிழையாகும். நரம்புக்கலங்களைத் தாங்கிப் பாதுகாக்கும் கிளையாக் கலங்கள் எனும் துணைக்கலங்களும் அங்கு ஏராளமாக உண்டு. முதிர்ந்த நரம்புக்கலம் பிரிவடைவதில்லை. துணைக்கலங்களும் அவற்றைத் தோற்றுவிக்கும் கலங்களும் பிரிவடையக்கூடியவை. ஆகவே வளர்ந்தோரின் மூளையில் தொடங்கும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை இவ்வகைக் கலங்களிலிருந்தே உருவாகின்றன. அவற்றுள் மிக உக்கிரமானது கிளையோபிளாஸ்ரோமா ஆகும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தலில் இது 4 ஆம் தரத்தைச் சேர்ந்தது. அதற்கு மேல் தரம் கிடையாது.

சத்திரசிகிச்சை மூலம் கட்டியை வெட்டி அகற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அகற்றத்தான் செய்கிறார்கள். ஆனால் ஈரக் கடதாசியில் விழுந்த மைத்துளியைப் போல இக்கட்டியின் விளிம்பு எங்கு முடிகிறது என்று கூற முடியாது. பேச்சு, பார்வை, கை கால் அசைவு என்பவற்றுக்குரிய பகுதிகளுக்கிடையே அதன் கலங்கள் பரவியிருக்கும். வயிற்றிலோ ஈரலிலோ செய்வதைப் போலச் சுற்றியுள்ள நல்ல இழையத்தையும் சேர்த்து வெட்டினால் நோயாளி அத்தொழிற்பாடுகளை இழந்துவிடுவார். எனவே எஞ்சிய கலங்களை அழிக்கக் கதிர்ச்சிகிச்சையும் மருந்தும் தேவைப்படுகின்றன.

பின்வரும் தரவுகள் 2005 ஆம் ஆண்டில் வெளியான ஒரு மருத்துவப் பரிசோதனைக்குரியவை. ஐரோப்பாவையும் கனடாவையும் சேர்ந்த 573 நோயாளிகள் இரு குழுக்களாக எழுமாறாகப் பிரிக்கப்பட்டனர்.

கதிர்ச்சிகிச்சை மாத்திரம்: வாழ்ந்த காலத்தின் இடையம் 12.1 மாதங்கள், இரண்டு வருடங்களின் பின் உயிருடன் இருந்தோர் 10.4%
கதிர்ச்சிகிச்சையுடன் ரெமோசொலமைட்: இடையம் 14.6 மாதங்கள்; இரண்டு வருடங்களின் பின் உயிருடன் இருந்தோர் 26.5%

கணிதத்தில் கற்ற இடையம் இங்கு உதவும். 14.6 மாதங்கள் என்பதன் கருத்து, குழுவின் அரைவாசிப் பேர் அக்காலத்துக்கு முன்னரே இறந்தனர், மற்றைய அரைவாசிப் பேர் அதனிலும் கூடுதலாக வாழ்ந்தனர் என்பதாகும். ஒவ்வொருவரும் இரண்டரை மாதம் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று எழுதினால் புள்ளி கிடைக்காது. இரண்டாவது அளவீட்டைப் பாருங்கள். நூறு பேரில் ஏறத்தாழ 10 பேருக்குப் பதிலாக 26 பேர் இரண்டு வருடங்களைக் கடந்தனர். அதாவது மருந்து சிலருக்கு நன்றாகவும் சிலருக்கு மிகக் குறைவாகவும் பயன்பட்டுள்ளது.

ஏன் இவ்வேறுபாடு? 1980களில் இங்கிலாந்தின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மல்கம் ஸ்டீவன்ஸ் என்பவரின் குழுவினரால் உருவாக்கப்பட்ட ரெமோசொலமைட், டீ.என்.ஏ. இலுள்ள குவானின் மூலத்துடன் ஒரு மெதயில் கூட்டத்தைச் சேர்த்துவிடுகிறது. இவ்வாறு பழுதடைந்த கலம் பிரிவடைய முயலும்போது இறக்கிறது. ஆனால் அம்மெதயில் கூட்டத்தை நீக்கிப் பழுதுபார்க்கும் ஒரு புரதம் கலங்களில் உண்டு. அதற்குரிய பரம்பரையலகு செயலற்றிருக்கும் கட்டிகளில் மருந்து கூடுதலாகப் பலனளிக்கிறது; செயற்படும் கட்டிகளில் பலன் குறைவு. கட்டியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மாத்திரம் போதாது, அதன் பரம்பரையலகுகளையும் பார்க்க வேண்டும் என்ற நிலை இதனால் வலுப்பட்டது.

எனினும் இம்மருந்து புற்றுநோய்க் கலத்தை இனங்கண்டு தாக்குவதில்லை. பிரிவடையும் நல்ல கலங்களும் பாதிக்கப்படுவதால் குருதிக்கலங்களின் எண்ணிக்கை குறைகிறது. புற்றுநோய்க் கலத்தில் மாத்திரம் உள்ள ஒரு புரதத்தைத் தேர்ந்து அதைத் தடுப்பதே இலக்கு நோக்கிய மருந்தின் நோக்கமாகும். 2001 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்ற இமற்றினிப் இதற்குச் சிறந்த உதாரணம். ஒரு வகைக் குருதிப் புற்றுநோயில், 9 ஆம் 22 ஆம் நிறமூர்த்தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் பிழையான நொதியம் ஒன்றை அது தடுக்கிறது. சில வருடங்களில் கொல்லும் நோயாக இருந்தது, மருந்தை உட்கொண்டு பல்லாண்டு வாழக்கூடிய நோயாக மாறியது.

இதே வழி மூளையில் ஏன் எளிதில் கைகூடவில்லை? விடையின் ஒரு பகுதி பழையது. ஜேர்மனியரான போல் ஏர்லிச் 1885 இல் சில சாயங்களை விலங்குகளின் குருதியில் செலுத்தியபோது ஏனைய அங்கங்கள் நிறமடைய மூளை மாத்திரம் நிறமற்றிருந்தது. மூளை இழையம் அச்சாயத்தை ஏற்பதில்லை என அவர் கருதினார். அவருடைய மாணவர் கோல்ட்மன் 1913 இல் சாயத்தை மூளைய முண்ணாண் பாய்பொருளினுள் செலுத்தினார். இப்போது மூளை நிறமடைந்தது. ஏனைய அங்கங்கள் நிறமடையவில்லை. எனவே மூளை சாயத்தை ஏற்கும், ஆனால் குருதிக்கும் மூளைக்குமிடையே ஒரு தடை உண்டு. நோய்க்காரணியை மாத்திரம் தேடித் தாக்கும் மருந்தை ‘மந்திரத் தோட்டா’ என்று வருணித்தவரும் இதே ஏர்லிச்தான்!

அத்தடை மயிர்த்துளைக்குழாய்களின் சுவரிலேயே உள்ளது. உடலின் பல பகுதிகளில் இக்குழாய்ச் சுவரின் கலங்களுக்கிடையே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. மூளையில் அக்கலங்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியுள்ளன. ஒட்சிசன், காபனீரொட்சைட்டு என்பன பரவல் மூலம் செல்லும். குளுக்கோசைக் காவிப் புரதங்கள் கொண்டு செல்கின்றன. இலிப்பிட்டில் கரையும் சிறிய மூலக்கூறுகள் நுழையலாம். பெரும்பாலான மருந்துகள் நுழைவதில்லை. நுழைந்த சிலவற்றையும் சுவரிலுள்ள புரதங்கள் சக்தியைச் செலவிட்டுக் குருதிக்கே திருப்பி அனுப்புகின்றன. கிளையோபிளாஸ்ரோமாவின் நடுப்பகுதியில் இத்தடை சிதைந்திருக்கும். ஆனால் சத்திரசிகிச்சையின் பின் எஞ்சும் கலங்கள் இருப்பது விளிம்பில்; அங்கு தடை பெருமளவு பழுதின்றி உள்ளது.

தடையைக் கடந்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. கிளையோபிளாஸ்ரோமாக்களில் ஏறக்குறைய அரைவாசியில் ஈ.ஜி.எஃப்.ஆர். எனும் வளர்ச்சி வாங்கி அளவுக்கு மீறி உருவாகிறது. அதைத் தடுக்கும் மாத்திரைகள் சிலரின் நுரையீரற் புற்றுநோயில் நன்கு பயன்பட்டன, இங்கு பயனளிக்கவில்லை. அவ்வாங்கியின் விகாரமடைந்த வடிவத்துக்கு எதிரான ஒரு தடுப்பூசியின் பரிசோதனையும் பலனின்மையால் 2016 இல் நிறுத்தப்பட்டது. மீண்டும் வளர்ந்த கட்டிகளை ஆராய்ந்தபோது அவற்றுள் பலவற்றில் அவ்விகார வடிவமே காணப்படவில்லை. தடுப்பூசிதான் அதை மறையச் செய்தது என்று முடிவுசெய்யத் தோன்றும். ஆனால் கட்டுப்பாட்டுக் குழுவிலும் அதேயளவில் அது மறைந்திருந்தது! ஒரே கட்டியினுள் வெவ்வேறு விகாரங்களையுடைய கலங்கள் கலந்திருப்பதால் ஒரு வகை குறைய மற்றொரு வகை பெருகுகிறது. கட்டுப்பாட்டுப் பரிசோதனை ஏன் தேவை என்ற வினாவுக்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் காணவில்லை.

வெற்றியும் உண்டு. 2008 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கட்டிகளின் பரம்பரையலகுகளை வாசித்தபோது, பெரும்பாலும் இளவயதினரான சிலரில் ஐ.டி.எச். எனும் நொதியத்தில் விகாரம் இருப்பதைக் கண்டனர். விகாரமடைந்த நொதியம் கலத்தில் ஓர் அசாதாரணப் பதார்த்தத்தை உருவாக்கி, கலம் முதிர்ச்சியடைவதைத் தடுக்கிறது. இவ்விகாரமுள்ள கட்டிகள் 2021 இன் வகைப்படுத்தலின்படி கிளையோபிளாஸ்ரோமா என அழைக்கப்படுவதில்லை; அவை வேறொரு நோய். அந்நொதியத்தைத் தடுக்கவும் மூளைத் தடையைக் கடக்கவும் ஏற்றவாறு வொராசிடெனிப் என்னும் மருந்து உருவாக்கப்பட்டது. மெதுவாக வளரும் 2 ஆம் தரக் கட்டியுள்ள 331 பேரில் இது பரிசோதிக்கப்பட்டது. கட்டி மேலும் வளராதிருந்த காலத்தின் இடையம் போலி மாத்திரை பெற்றோரில் 11.1 மாதங்கள், மருந்து பெற்றோரில் 27.7 மாதங்கள். 2024 ஓகஸ்டில் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

கிளையோபிளாஸ்ரோமாவுக்கு இத்தகைய மருந்து இன்னும் இல்லை. தடையைத் தற்காலிகமாகத் திறக்கும் முயற்சிகள் நடைபெறுகின்றன. குருதியில் நுண்குமிழிகளைச் செலுத்தி, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து கழியொலி அலைகளைக் குவித்து, குழாய்ச் சுவரைச் சில மணித்தியாலங்களுக்குத் தளர்த்தும் முறை 2015 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் ஒரு நோயாளியில் முதன்முதலாகச் செய்யப்பட்டது.

பயிற்சி வினாக்கள்

1. வொராசிடெனிப் பரிசோதனையில் ஒரு குழுவுக்குப் போலி மாத்திரை கொடுக்கப்பட்டது ஏன்?
விடை: மருந்தின்றியும் இக்கட்டிகள் மெதுவாகவே வளரும். ஒப்பிட ஒரு குழு இல்லாவிடின் தாமதத்துக்குக் காரணம் மருந்தா, கட்டியின் இயல்பா என வேறுபடுத்த முடியாது.

2. ஏர்லிச்சின் அவதானத்தை மாத்திரம் கொண்டு தடை ஒன்று உண்டு என முடிவுசெய்யலாமா?
விடை: முடியாது. மூளை இழையம் சாயத்தை ஏற்பதில்லை என்ற விளக்கமும் அவ்வவதானத்துக்குப் பொருந்தும். கோல்ட்மனின் பரிசோதனையே அதை நீக்கியது.

3. “ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கிளையோபிளாஸ்ரோமாக் கலங்கள் யாவற்றையும் புதிய மருந்து அழித்தது” என ஒரு பத்திரிகைச் செய்தி கூறுகிறது. இம்மருந்து நோயாளியைக் குணப்படுத்தும் எனக் கொள்ள முடியாமைக்கு இரு காரணங்கள் தருக.
விடை: தட்டில் குருதி மூளைத் தடை இல்லை. தட்டில் வளர்ந்த கலங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை; நோயாளியின் கட்டியிலோ பல வகைக் கலங்கள் கலந்துள்ளன.